திறப்பு யார் கையில்?

லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறிப்போரின் கூலியைப் பற்றிப் பேசாத அரசியல் மேடையில்லை. பேசவேண்டியதே. ஆயினும், அக்கொழுந்து தேயிலையாகும் ஸ்டோருக்குள்ளே பொறிகளோடு போராடுவோரின் உயிரைப் பற்றி எத்தனை மேடைகள் பேசின என்று கேட்கிறோம்.

வாட்டும் தொட்டியின் காற்றாடி, கொழுந்தை உருட்டும் ரோலர், சலிக்கும் பொறி யாவும் மின்விசையால் இயங்குபவை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென விதிக்கிறது. ஆனால், பழுதுபார்க்கும்போது அவ்வேலியைக் கழற்றியே ஆகவேண்டும். அவ்வேளையில் தொழிலாளியைக் காப்பது, ஆளியை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை ஒன்றுதானா? அறியாத ஒருவர் அதனை மீண்டும் போட்டுவிட்டால் என்னாவது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. மின்சாரம் தடைப்பட்டதால் நின்ற பொறி, அது திரும்பும் கணத்தில் உள்ளிருக்கும் கையைப் பார்த்து இரங்காது.

பரிகாரம் எளிது. பிரதான ஆளியை அணைத்துப் பூட்டுக. பழுதுபார்ப்பவரின் மடியிலேயே திறப்பு இருக்கட்டும். மூவர் வேலை செய்தால் மூன்று பூட்டுகள் தொங்கட்டும். பெயரும் காரணமும் எழுதிய அட்டையும் தொங்கட்டும். தூக்கி நிறுத்திய பாரத்துக்கு முட்டுக்கொடுத்து, அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றி, காற்றாடி அடங்கும்வரை பொறுத்து, ஆட்களை விலக்கி, ஒருமுறை இயக்கிப் பார்த்து, இயங்காதென உறுதிகொண்ட பின்னரே கைவைத்தல் வேண்டும். பூட்டியவரே திறத்தல் வேண்டும். வேலையை விரைவுபடுத்தும் பொருட்டுத் துரையும் அதனைத் தொடலாகாது.

அமெரிக்கா 1989இல் இம்முறையைச் சட்டவிதியாக்கியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 120 மரணங்களையும் 50,000 காயங்களையும் இது தடுக்கிறதென்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. வயலில் சூடடிக்கும் பொறியில் வைக்கோல் சிக்கும்போது, இயந்திரத்தை நிறுத்தாமல் அதனை இழுக்கும் கமக்காரருக்கும் இப்பாடம் பொருந்தும். நிறுத்துங்கள், திறப்பைக் கழற்றிக் கையில் எடுங்கள், பின்பு குனியுங்கள்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இழந்த கைக்குப் பணம் தரும், கையைத் தராது. ஆகவே, ஸ்டோர் தோறும் பூட்டும் பயிற்சியும் வழங்கும் கடமை நிருவாகங்களுடையது. கூலிப் பேச்சுவார்த்தையில் இதனையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கும் பொறுப்பு தொழிற்சங்கங்களுடையது. தொழில் திணைக்களத்தின் பரிசோதகர்கள், வேலியைப் பார்ப்பதோடு நில்லாது, பழுதுபார்க்கும் நேரத்தில் திறப்பு யார் கையில் இருக்கிறதென்பதையும் கேட்பார்களாக.