தனி டியூஷனில் அதிகம் பேச வேண்டியவர் யார்?

வீட்டுக்கே வந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லித்தரும் ஆசிரியருக்கு, பத்துப் பேரோடு உட்காரவைக்கும் டியூஷனைவிட அதிகமாகவே கட்டணம் தர வேண்டியிருக்கிறது. வேறு செலவுகளைச் சுருக்கிக்கொண்டு அதைக் கட்டும் பெற்றோர் ஏராளம். ஆனால், பல வீடுகளில் அந்த ஒரு மணி நேரம், காலையில் பள்ளியில் நடந்த பாடத்தை மாலையில் இன்னொருவர் மறுபடி நடத்துவதிலேயே கழிகிறது. ஆசிரியர் விளக்குகிறார், கணக்கைப் போட்டுக் காட்டுகிறார், "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார், பிள்ளை தலையாட்டுகிறது. தனி வகுப்பால் கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி இங்கேதான் கைநழுவிப் போகிறது. அந்த நேரத்தில் அதிகம் பேச வேண்டியதும் எழுத வேண்டியதும் மாணவர். ஆசிரியரின் முதல் வேலை, காது கொடுத்துக் கேட்பது.

ஒருவருக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டிலேயே ஏதோ மந்திரம் இருப்பதாக நினைக்கிறோம். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது. தனியாகச் சொல்லித்தரப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்றது அது. அந்த மாணவர்களுக்கு அடிக்கடி தேர்வு வைத்து, தவறுகளைத் திருத்தி, தேறிய பிறகே அடுத்த பகுதிக்கு அழைத்துப் போனார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2011இல் ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தனி வகுப்பின் பலன் புளூம் சொன்ன அளவில் பாதிகூட இல்லை. ஆக, தனியாக உட்காரவைத்தால் மட்டும் போதாது. உட்காரவைத்து என்ன செய்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. இதற்கு நேரடியான சான்றை உளவியலாளர் மிஷெலின் சியும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும் 2001இல் தந்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ரத்த ஓட்ட மண்டலத்தைச் சொல்லித்தர வந்தவர்களிடம், ஆய்வின் ஒரு பகுதியில், விளக்கம் எதுவும் தராமல் மாணவரைப் பேசத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னார்கள். விளக்கம் கேட்டுப் படித்தவர்களுக்குச் சமமாகவே இந்த மாணவர்களும் கற்றிருந்தார்கள். ஆசிரியரின் விளக்கம் என்று நாம் கொண்டாடுவதை எடுத்துவிட்டாலும் கற்றல் குறையவில்லை என்றால், அந்த விளக்கத்துக்கு நாம் தரும் இடம் மிக அதிகம்.

ஒரு பின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் பலர். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். அவசரப்படும் ஆசிரியர் பேனாவை வாங்கி, "எல்.சி.எம். எடுக்கணும்ல" என்று ஆறில் ஐந்தை எழுதிக் காட்டிவிடுவார். பிள்ளையும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அடுத்த வாரம் அதே தவறு திரும்ப வரும். ஏனென்றால் அந்தத் தவறுக்குப் பின்னால் இருந்த எண்ணத்தை யாரும் தொடவில்லை. பேனாவைத் தொடாத ஆசிரியர், "எப்படி வந்துச்சு, சொல்லு" என்பார். சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "ஐந்தில் இரண்டு பெருசா, அரை பெருசா?" என்று கேட்பார். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளை கோடு போட்டுப் பார்க்கட்டும், ஐந்து நிமிடம் ஆகட்டும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோகுமா என்ற சந்தேகம் பிள்ளைக்கே வர வேண்டும். அது வந்த பிறகு எல்.சி.எம். சொன்னால், அது எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியும். இந்த ஐந்து நிமிட மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் தனி வகுப்பு ஆசிரியருக்குக் கடினமான திறமை என்பேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எவ்வளவு நல்ல ஆசிரியராலும் ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்து நிமிடத்தைத் தர முடியாது.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடலாம். உளவியலாளர்கள் ஆர்தர் கிரேசரும் நடாலி பெர்சனும் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, வகுப்பறையில் ஒரு மாணவர் மணிக்குச் சராசரியாக 0.11 கேள்வி கேட்கிறார். தனி வகுப்பில் 26.5. இவ்வளவு வாய்ப்பு இருக்கும் இடத்தில், ஆம் என்று தலையாட்டி முடித்துவிடும் கேள்வி எதற்கு? "இந்த வரியில ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்டால் தலையாட்டித் தப்பிக்க முடியாது.

ஒன்றுமே தெரியாத பிள்ளையிடம் என்ன கேட்பது என்று எதிர்வாதம் வரும். அது நியாயமானதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு நிறைய உதவுகிறது என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ஒன்றைப் போட்டுக் காட்டலாம், காட்ட வேண்டும். காட்டிய பிறகு அதன் ஒவ்வொரு படியையும் பிள்ளை தன் வாயால் விளக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பொதுத்தேர்வு நெருங்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது, போர்ஷன் முடிய வேண்டாமா என்பது இன்னொரு வாதம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை, போன முறை படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதவைக்கச் செலவிட்டால் போர்ஷன் சற்றுப் பின்தங்கலாம்; முடித்த போர்ஷன் பரீட்சை வரை தங்கும்.

கடைசி எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வரும். "சார் ஒண்ணும் நடத்துறதில்லை, சும்மா கேள்விதான் கேட்கிறார்" என்று பிள்ளை சொன்னால், கொடுக்கும் பணத்துக்கு ஆசிரியர் உழைக்கவில்லையோ என்ற கவலை எழுவது இயல்பு. உண்மையில், பிள்ளையின் தவறைக் கேட்டு அதன் வேரைக் கண்டுபிடிக்க, பாடத்தை ஒப்பிப்பதைவிட ஆழமான பாட அறிவு வேண்டும். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெற்றோருக்கே தெரிந்துவிடும். ஆசிரியரின் கையெழுத்தில் அழகான விடைகள் நிறைந்த நோட்டைவிட, பிள்ளையின் கையெழுத்தில் அடித்தல் திருத்தலோடு இருக்கும் நோட்டு அதிகம் கற்ற நோட்டு. நாளைக்கே ஒரு பக்கத்தைத் திறந்து, "இதை ஏன் அடிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையால் காரணம் சொல்ல முடிந்தால், அந்த ஆசிரியரை மாற்ற வேண்டியதில்லை.