ஐந்து பச்சை ஆப்பிள்

நமக்குப் பருவம் என்றால் டுரியான் பருவம்தான். ஆப்பிளுக்கும் பருவம் உண்டு என்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது. பேரங்காடியில் ஆண்டு முழுவதும் அடுக்கிவைத்திருக்கும் பழத்துக்குப் பருவம் ஏது என்று இருந்துவிட்டேன்.

கடந்த ஏப்ரலில், மெல்பர்னில் கடைசி ஆண்டு படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம். நடைபாதையெல்லாம் மஞ்சள் சருகு. நான் போய் இறங்கிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்கள். சிங்கப்பூருக்கும் மெல்பர்னுக்கும் இருந்த மூன்று மணி நேர வித்தியாசம் இரண்டாகக் குறைந்தது.

“இனிமே நீங்க ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டா எனக்குப் பன்னிரண்டுதான்மா, ஒரு மணி இல்ல” என்று சிரித்தாள்.

அன்று குவீன் விக்டோரியா சந்தைக்குப் போனோம். புதிதாகப் பறித்த ஆப்பிள்கள் குவியல் குவியலாக இருந்தன. என் கை சிவப்பு ஆப்பிளுக்குப் போனது. அவள் பச்சையில் ஐந்தை எடுத்துப் பையில் போட்டாள். “கிரம்பிள் செய்ய இதுதான் சரி. புளிப்பு இருக்கணும், வெந்தாலும் குழையக் கூடாது.”

அந்தப் பச்சை ஆப்பிளின் பெயர் கிரானி ஸ்மித். விளம்பரத்துக்கு வைத்த பெயரில்லை. நிஜமாகவே ஒரு பாட்டி இருந்திருக்கிறார். இங்கிலாந்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி ஆஸ்திரேலியா வந்த மரியா ஆன் ஸ்மித். சிட்னிக்கு அருகே ஈஸ்ட்வுட்டில் இருந்த அவருடைய தோட்டத்தில் தானாக முளைத்த கன்றுதான் 1868இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. என் பாட்டியும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கு வந்தவர்தான். அன்றைக்கு அவருடைய அம்மா கரையில் நின்று என்ன நினைத்தாரோ, நான் அதுவரை யோசித்ததே இல்லை.

வீட்டில் இருந்தவரை மகளைச் சமையலறைக்குள் விட்டதில்லை. “போய்ப் படி” என்று விரட்டியவள் நான். இப்போது அவள் ஒரு கிண்ணத்தை என் முன் வைத்து, “நான் சொல்றபடி செய்ங்க” என்கிறாள்!

கிரம்பிள் என்பது ஆங்கிலேயர் வீட்டுப் பலகாரம். அடியில் ஆப்பிள், மேலே உதிரி மாவு. பிசைந்து, தேய்த்து, மடிக்கும் வேலை எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இலிருந்து பிரிட்டனில் வெண்ணெய்க்கும் சீனிக்கும் பங்கீடு வந்தது. பை செய்யும் அளவுக்குக் கொழுப்பு கிடைக்காத அந்த நாள்களில்தான் இது வீட்டுக்கு வீடு பரவியது என்பார்கள்.

நால்வருக்குத் தேவையானவை:

பச்சை ஆப்பிள் – 5
எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
சீனி – 2 மேசைக்கரண்டி
பட்டைத் தூள் – அரை தேக்கரண்டி
மைதா – 150 கிராம்
குளிர்ந்த வெண்ணெய் – 100 கிராம்
பழுப்புச் சீனி – 80 கிராம்
ஓட்ஸ் – 50 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

மைதாவில் உப்பைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் உதிர்க்க வேண்டும். புட்டு மாவு பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கோ பழக்கதோஷம். பேசிக்கொண்டே உள்ளங்கையால் பிசைந்துவிட்டேன். கைச்சூட்டில் வெண்ணெய் உருகி, மாவு ஒரே உருண்டையானது.

“அம்மா, இது சப்பாத்தி இல்ல லா!”

கிண்ணத்தை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். “பதினைந்து நிமிஷம் இருக்கட்டும். கெட்டியானதும் உதிர்த்துக்கலாம்.”

நான் ஆப்பிளைத் தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் சொன்னாள்.

“அம்மா, இங்கேயே ஒரு வேலை கிடைச்சிருக்கு. படிப்பு முடிஞ்சதும் சேரச் சொல்றாங்க.”

“வந்துடுவேன்னுதானே சொல்லிட்டுப் போன?” என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. வெட்டிய ஆப்பிள் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. எலுமிச்சையைப் பிழிந்து கிளறினேன்.

“எத்தனை வருஷம்?”

“ரெண்டு. அப்புறம் பாக்கலாம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.”

சீனியையும் பட்டைத் தூளையும் ஆப்பிளில் கலந்து தட்டில் பரப்பினேன். கெட்டியான மாவை அவள் விரலால் உதிர்த்து, ஓட்ஸும் பழுப்புச் சீனியும் சேர்த்து மேலே தூவினாள். அமுக்கக் கூடாதாம்; அமுக்கினால் மேல்பகுதி மொறுமொறுப்பாக வராது. 180 டிகிரி செல்சியசில் சூடாக்கிய ஓவனில் 35 முதல் 40 நிமிடம். மேலே பொன்னிறமாகி, ஓரங்களில் சாறு கொதித்தால் பதம். பத்து நிமிடம் ஆறவிட்டு, வெனிலா ஐஸ்கிரீமோடு சாப்பிடலாம்.

வெளியே ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. அறை முழுக்கப் பட்டை வாசம். முதல் கரண்டியில் புளிப்பு, பிறகு இனிப்பு. நன்றாகவே செய்திருந்தாள். “நல்ல கம்பளிக் கோட்டு ஒண்ணு வாங்கிக்க. இது போதாது” என்றேன். அவள் எழுந்து வந்து என் தோளில் தலை சாய்த்தாள்.

சென்ற சனிக்கிழமை நம் வீட்டுச் சிறிய ஓவனில் செய்து பார்த்தேன். நம் ஊர் வெப்பத்துக்கு வெண்ணெயைப் பத்து நிமிடம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள், மாவையும் குளிரவிடுங்கள். கணவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மகளிடம் இருந்து செய்தி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. “அவ ஜூலை லீவுக்கு வர்றாள்ல?” என்று மட்டும் கேட்டார்.

இருவருக்கு அளவில் பாதி போதும். நான் முழு அளவுக்கே மாவு உதிர்த்தேன். சுடாத உதிரி மாவு உறைபெட்டியில் மூன்று மாதம்வரை கெடாது. பாதியை டப்பாவில் போட்டு, மேலே அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.