ஷாங்காயில் ஓர் இரவு

விமானம் மாறுவதற்காக ஷாங்காய் நகரில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் எதைப் பார்ப்பது? யாத்திரைப் புத்தகத்தில் ஐம்பது இடங்கள் போட்டிருக்கும். ஐம்பதையும் தொட்டுவிட ஓடுகிறவர் ஒன்றையும் பார்க்கமாட்டார். ஹுவாங்பு நதிக்கரை ஒன்றே போதும். மூட்டையை விடுதியில் போட்டுவிட்டு உடனே புறப்படுங்கள். விளக்குகள் நள்ளிரவுக்கு வெகு முன்பே அணைந்துவிடும்.

அந்தக் கரைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பண்ட்'. அணைக்கரையைக் குறிக்கும் ஹிந்துஸ்தானிச் சொல்லை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். சொல்லோடு அபினியும் போயிற்று. கங்கைச் சமவெளியில் விளைந்து கல்கத்தாவில் ஏலம் போன அபினி அது! அதைச் சீனர் 1839-ல் பறிமுதல் செய்து அழித்ததும் யுத்தம் மூண்டது. 1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கை ஷாங்காய்த் துறைமுகத்தை அந்நியருக்குத் திறந்துவிட்டது. பிறகு அக்கரையில் பாங்கு மாளிகைகள் எழுந்தன. 1927-ல் மணிக்கூண்டுடன் சுங்க மாளிகையும் எழுந்தது.

அவற்றைக் காலாற நடந்து பார்த்தபின், பொதுஜனப் படகேறி எதிர்க்கரையான புடோங்குக்குச் செல்லுங்கள். 1990-ல் அபிவிருத்தி தொடங்குமுன் கிடங்குகளும் வயல்களும் எளிய வீடுகளுமாயிருந்த பிரதேசம் அது. இன்று அங்கே 632 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது.

அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். ஒரு காலத்தில் அதிகாரம் செலுத்திய மாளிகைகள் இப்போது குட்டையாகத் தெரியும். சீனர் அவற்றை இடிக்கவில்லை, விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். பட்ட அவமானத்தை மறைக்காமல், அதன் எதிரிலேயே அதைவிட உயரமாகக் கட்டிக் காட்டுவதும் ஒரு பதில்தானே!