சட்டமும் நாமும்: நாட்டைத் துறக்கும் கடிதம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். 1987 இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர். உணவகங்களில் கோப்பை கழுவிக் குடும்பத்தை நிமிர்த்தியவர். அவரது கையில் ஒரு பொலித்தீன் பையும் அதனுள் தடித்த கடித உறையொன்றும் இருந்தன.

"தம்பி, மகன் நாளைக்கு இதைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறானாம். ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கோ" என்றார்.

வாசித்தேன். பதினொரு பக்கங்கள். மகன் இங்கு பிறந்தவர். சொந்த ட்றக் ஓட்டித் தொழில் செய்பவர். இரு பிள்ளைகளின் தந்தை. தாம் கனடாவின் குடியுரிமையைத் துறப்பதாகவும், சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, ஓய்வூதியத் திட்டம் அனைத்தையும் திருப்பிக் கையளிப்பதாகவும், ஆகவே இனி வருமான வரி செலுத்தும் கடப்பாடு தமக்கில்லை எனவும் அதில் எழுதியிருந்தார். பெரிய எழுத்துகளில் அச்சிடப்படும் தமது பெயர் அரசாங்கம் உருவாக்கிய ஒரு போலி ஆளின் பெயராம். முப்பது நாட்களுள் மறுமொழி வராவிடின் அரசாங்கம் இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுமாம். கையொப்பத்தின் கீழ் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற வரியும், அமெரிக்க வணிகச் சட்டக் கோவையின் 1-308 என்ற பிரிவு இலக்கமும், சிவப்பு மையில் பெருவிரல் அடையாளமும், பிரசித்த நொத்தாரிசின் முத்திரையும் இருந்தன. விடுதி மண்டபமொன்றில் நடந்த வகுப்பிலே பணம் கொடுத்து வாங்கிய மாதிரிப் பத்திரம் அது.

இவ்வாறான பத்திரங்கள் எம்மவர் மத்தியிலும் உலாவத் தொடங்கியிருப்பதால், இக்கிழமை இதனை விளக்குவது பயனுடையதெனக் கருதுகிறேன்.

முதலில் அந்த வரியைப் பார்ப்போம். 1-308 என்பது அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டம் பற்றியது. ஓர் ஒப்பந்தத்தில் தகராறு எழும்போது, ஒரு தரப்பு தன் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலே தொடர்ந்து கருமமாற்றலாம் என்பதே அதன் பொருள். கனடாவில் அதற்கு வலுவில்லை. அமெரிக்காவிலும் வரிச் சட்டத்திலிருந்து ஒருவரை அது விடுவிப்பதில்லை. நொத்தாரிசின் முத்திரையோ, கையொப்பம் இட்டவர் இன்னார் என்பதற்கே சான்று. எழுதியது சட்டப்படி சரியென்பதற்கு அது சான்றாகாது.

இக்கொள்கையின் வேர் 1970களில் அமெரிக்காவில் இயங்கிய வெள்ளையினவாதக் குழுக்களில் உள்ளது. 1868 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையை உறுதிசெய்தது. அத்திருத்தத்தால் குடிமக்களானோர் அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள், தாமோ அதற்கு மேற்பட்டவர்கள் என அக்குழுக்கள் கூறின. எம்மைப் போன்றோரைப் படியேற விடாதவர்கள் எழுதிய சாத்திரத்தை இன்று எமது பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகின்றனர்.

கனடிய நீதிமன்றங்கள் இதற்குத் தெளிவாக விடையளித்துள்ளன. 2012 செப்டெம்பர் 18 அன்று, அல்பேட்டா குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தின் இணைத் தலைமை நீதியரசர் ஜோன் றூக், ஒரு விவாகரத்து வழக்கில் மிக நீண்ட தீர்ப்பொன்றை வழங்கினார். பெரிய எழுத்துப் பெயர், பெருவிரல் அடையாளம், மறுமொழி வராவிடின் சம்மதம் என்னும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிராகரித்தார். சட்டத்தின் அதிகாரம் தனிமனிதரின் சம்மதத்திலோ ஒப்பந்தத்திலோ தங்கியிருப்பதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். இவற்றை விற்றுப் பிழைப்போரையும் அவர் கடுமையாகச் சாடினார்.

அப்படியானால் குடியுரிமையைத் துறக்க வழியே இல்லையா? உண்டு. கனடியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கானது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கனடாவில் வசிக்கக் கூடாது. வேறொரு நாட்டின் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது விரைவில் கிடைக்கவிருக்க வேண்டும். விண்ணப்பித்து, அனுமதியும் பெறவேண்டும். எவரும் நாடற்றவராகிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையும் அதையே வலியுறுத்துகிறது.

பெரியவரின் மகன் ஸ்காபரோவில் வசிக்கிறார். அவரது பிறப்பு இலங்கை அதிகாரிகளிடம் பதிவு செய்யப்படவில்லை. ஆகவே இலங்கைக் குடியுரிமையும் இல்லை. அவரால் துறக்க முடியாது. துறந்தாலும் பயனில்லை. கனடாவில் வருமான வரி வதிவிடத்தைப் பொறுத்தது, குடியுரிமையைப் பொறுத்ததன்று. அகதிக் கோரிக்கையாளராக இங்கு உழைத்த காலத்திலும் நாம் வரி கட்டினோமே!

அரச உதவிகளை உண்மையாகவே துறந்தவர்களும் உளர். அமெரிக்காவின் அமிஷ் மக்கள் முதியோரையும் நோயாளரையும் பராமரிப்பது தமது சமூகத்தின் கடமையெனக் கொள்பவர்கள். 1965 இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய சமயக் குழுவினர் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலகப் படிவமொன்று ஏற்படுத்தப்பட்டது. அக்குழு 1950 இறுதியிலிருந்து தொடர்ந்து இயங்கிவர வேண்டும். தன்னில் தங்கியிருப்போரைத் தானே பராமரித்துவர வேண்டும். கையொப்பமிட்டவர் அத்திட்டத்தின் எந்தப் பயனையும் பின்னர் கோர முடியாது. வருமான வரியிலிருந்து அவர்களுக்கும் விலக்கில்லை. உதவியைத் துறப்பதென்றால் அந்தச் சுமையை வேறொருவர் தோளில் ஏற்றுவதென்று அவர்கள் அறிவார்கள்.

மகனின் கடிதத்தில் அச்சுமை யார் தோளில் ஏறுகிறது? அவர் இரண்டு ஆண்டுகளாக வரி அறிக்கை தாக்கல் செய்யவில்லை. கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்தாலன்றிப் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு தொடராது. மனைவிக்கு அது நின்றுபோயிருந்தது. காரணம் அவருக்குத் தெரியவில்லை. தாமதமாகத் தாக்கல் செய்தால், கட்டவேண்டிய வரியில் 5 வீதமும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் மேலும் 1 வீதமாகப் பன்னிரண்டு மாதங்கள் வரையும் தண்டம், அதன்மேல் வட்டி. வேண்டுமென்றே பொய்யான அறிக்கை கொடுத்தால், குறைத்துக் காட்டிய வரியில் பாதி தண்டம். இவ்வகை வாதங்களால் வரி ஏய்த்தோர் சிறை சென்றதும் உண்டு.

வாசகர்கள் கவனிக்கவேண்டிய மறுபக்கமும் ஒன்றுண்டு. பதினொரு பக்கக் கடிதத்தால் அறாத தொடர்பு, சாதாரண செயலொன்றால் அறுந்துவிடலாம். அகதியாகப் பாதுகாப்புப் பெற்று, நிரந்தர வதிவிட உரிமையுடன் இருந்து, இன்னும் கனடியக் குடியுரிமை பெறாதவர்களுக்கே இது பொருந்தும். அவர்கள் தூதரகம் சென்று சொந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ, அதில் அந்நாட்டுக்குப் பயணித்தாலோ, அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கருதப்படலாம். 2012 டிசம்பர் 15 முதல், அவ்வாறு தீர்மானிக்கப்பட்டால் அகதி அந்தஸ்து மட்டுமன்றி நிரந்தர வதிவிட உரிமையும் பறிபோகும். சம்பந்தப்பட்டவர் விளைவை அறிந்திருந்தாரா என்பதும் கவனிக்கப்பட வேண்டுமெனச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் கூறியது. எனினும் அதனை நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். தாயின் மரணச் சடங்குக்கென்றாலும், புறப்படுமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள். தகுதி வந்தவுடன் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள்.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் எதையும் துறக்கவில்லை. எந்தக் கடிதமும் எழுதவில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து, நாடற்றவராகவே இறந்தவர்களும் உண்டு.

மறுநாள் மாலை அந்த மகன் தந்தையுடன் வந்தார். கோபமாகவே வந்தார். "அண்ணை, உழைக்கிறதில் மூன்றில் ஒரு பங்கு போகுது. ட்றக்குக்குக் கடன், வீட்டுக்குக் கடன். நான் என்ன செய்ய?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. அதைத்தான் அந்த வகுப்புக்காரர் பிடித்துக்கொண்டார். எரிபொருள், திருத்த வேலை, ட்றக்கின் தேய்மானம், வீதியில் உண்ணும் உணவின் ஒரு பகுதி ஆகிய செலவுகளைக் கழிக்கச் சட்டமே இடம் தருகிறதென எடுத்துச் சொன்னேன். கணக்காளர் ஒருவரிடம் அனுப்பினேன். வரித் திணைக்களம் தேடிவருமுன் தாமாக முன்வந்து வெளிப்படுத்தினால் தண்டம் குறைய வாய்ப்புண்டு. இரண்டு ஆண்டு அறிக்கைகளும் இப்போது போய்விட்டன. வகுப்புக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

கடித உறையைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தமது பழைய குடியுரிமை அட்டையை எடுத்து மகனிடம் நீட்டி, "இதுக்கு நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அம்மாவைக் கேள்" என்றார்.

இத்தகைய பத்திரம் எதிலேனும் நீங்கள் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தால் வெட்கப்பட வேண்டாம். அதன் பிரதியுடன் உடனே சட்டத்தரணி ஒருவரையோ இலவசச் சட்ட உதவி நிலையத்தையோ நாடுங்கள்.