குறை சொல்பவரும் ஆசானே

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் தங்கை மகள், சென்ற மாதம் கண் கலங்கியபடி வந்தாள். அவளது முதல் ஆய்வுக் கட்டுரையைத் திருத்தி அனுப்புமாறு ஆய்விதழொன்று திருப்பியிருந்தது. மதிப்பீட்டாளர் இருவர் சுட்டியவை மொத்தம் 17 குறைகள்!

“பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுவதாக வேறோர் இதழ் அழைக்கிறது. அதற்கே அனுப்பிவிடட்டுமா, மாமா?” என்றாள்.

ஆய்வுலகில் ஒரு நெறியுண்டு. வந்த கட்டுரையை இதழாசிரியர் அத்துறை வல்லுநர் இருவர் மூவரிடம் அளிப்பார். அவர்கள், பெரும்பாலும் தம் பெயரை வெளியிடாமல், சோதனை முறை, கணக்கு, முடிவு அனைத்தையும் துருவி ஆராய்வர். ஏற்பதா, திருத்தச் சொல்வதா, மறுப்பதா என்பது அதன் பின்னரே முடிவாகும். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்த பின்னரே ஹதீஸை ஏற்ற இமாம்களை அறிந்த நமக்கு இது புதிதன்று.

1936ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன், ரோசன் என்பவருடன் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இல்லை எனும் கருத்தில் ஒரு கட்டுரையை அமெரிக்காவின் ‘பிசிகல் ரிவ்யூ’ இதழுக்கு அனுப்பினார். பெயர் அறிவிக்கப்படாத மதிப்பீட்டாளர் ஒருவர், பிழையைச் சுட்டி 10 பக்கம் எழுதினார். சினமுற்ற ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆயினும் பின்னர்ப் பிழையை உணர்ந்து, முடிவையே மாற்றி, 1937இல் வேறோர் இதழில் வெளியிட்டார். அவ்வலைகள் 2015இல் கருவிகளில் நேரடியாகவே பதிவாயின. மாமேதைக்கும் குறை சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்!

இதைச் சொல்லிவிட்டு மருமகளிடம் கூறினேன்: “17 குறிப்புகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் விடை எழுது. சரியானதை ஏற்றுத் திருத்து. ஏற்க இயலாததற்குச் சான்று காட்டிப் பணிவுடன் மறுமொழி கூறு. ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதே. கட்டணம் பெறும் இதழ் யாவும் போலியல்ல. ஆராயாமலே அச்சேற்ற முன்வருவதுதான் போலி. அறிவு ஓர் அமானிதம். உன் முடிவை நம்பி நாளை வேறொருவர் தம் ஆய்வைத் தொடங்குவார்.”

பெற்றோருக்கும் ஒரு சொல். கட்டுரை திரும்பி வந்தால், “தோற்றுவிட்டாயா?” என்று பிள்ளைகளைக் கேளாதீர்கள். திருத்தச் சொல்வது, இன்னும் கதவு திறந்திருக்கிறது என்பதன் அடையாளமே.

ஏழாவது குறிப்பு சரியெனக் கண்டு, மருமகள் இப்போது ஒரு சோதனையை மீண்டும் செய்து வருகிறாள். முடிவு மாறினும் மாறலாம். அவள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!