பைபாஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு... அடுத்த 90 நாளுக்கு யார் பொறுப்பு?

உங்க அப்பாவுக்கு புதுச்சேரியில பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சுடுச்சுன்னு வெச்சுக்குவோம். 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு டாக்டர் சொல்லிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைப் பையுமாக வாடகை காரில் திண்டிவனத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. பத்து நாள் கழித்து, நெஞ்சுக் காயத்தின் கீழ்முனையில் லேசாக நீர் கசிகிறது. என்ன செய்வீங்க?

பலரும் தெருமுனை கிளினிக்கில் காட்டி ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொள்வார்கள். மறுபடி புதுச்சேரி வரைக்கும் அலைய யாருக்குத் தெம்பு இருக்கு?

அங்கேதான் இரண்டு விஷயம் கை நழுவுகிறது. மேல்தோலில் தெரியும் கசிவு, உள்ளே எலும்புவரை போயிருக்கலாம். அதை மாத்திரை மட்டும் சரிசெய்யாது. இன்னொன்றை யாரும் யோசிப்பதே இல்லை. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு இப்படி ஒரு தொற்று வந்ததே தெரியாது. அவர்கள் பதிவேட்டில் உங்க அப்பா நலமாக வீடு திரும்பியவர்.

இந்தச் சிக்கல் புதுச்சேரிக்குக் கூடுதலாகவே பொருந்தும். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர்விட்டதுதான் இன்றைய ஜிப்மர். அதைச் சுற்றி எத்தனையோ தனியார் மருத்துவக் கல்லூரிகள். கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று நோயாளிகள் எல்லை தாண்டித்தான் வருகிறார்கள். காரைக்காலும் இதே யூனியன் பிரதேசம்தான், ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆபரேஷன் ஓரிடம், காயம் ஆறுவது வேறிடம்.

பைபாஸில் மார்பெலும்பை நடுவே அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் கட்டுகிறார்கள். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அங்கேயும் ஒரு நீளக் காயம். மார்பெலும்பின் ஆழத்தில் தொற்று வருவது நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான். ஆனால் வந்துவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் விதிப்படி, பைபாஸுக்குப் பிறகு 90 நாள் வரை காயத்தைக் கண்காணித்துக் கணக்கெடுக்க வேண்டும். நம் ஊரில் டிஸ்சார்ஜ் ஆவதோ ஒரு வாரம், பத்து நாளில்! மீதி நாளெல்லாம் வீட்டில்தான்.

கணக்கெடுத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஸூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததைக் கேளுங்க. இதய ஆபரேஷன் செய்துகொண்ட இருவருக்கு, மைக்கோபாக்டீரியம் கிமேரா என்ற அபூர்வமான கிருமித் தொற்று இருந்தது. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம் அது. தற்செயல் என்று விடாமல் டாக்டர்கள் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். மொத்தம் ஆறு பேர் சிக்கினார்கள். ஆபரேஷனுக்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே ஒன்றரை வருஷத்திலிருந்து மூன்றரை வருஷத்துக்கு மேல்! கடைசியில் குற்றவாளி, ஆபரேஷன் நேரத்தில் ரத்தத்தின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரம். அதன் தொட்டித் தண்ணீரில் கிருமி வளர்ந்து, இயந்திரத்தின் மின்விசிறிக் காற்றோடு திறந்த நெஞ்சுக்குள் போயிருக்கிறது. 2015-ல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு ஊர் டாக்டரிடம் போயிருந்தால், யாருமே இதைக் கோத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், ஏழை மற்றும் நடுத்தர நாடுகளில் 15 பேருக்கும் சிகிச்சையின்போது ஏதோ ஒரு தொற்று வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் பைபாஸ் காயத் தொற்று விகிதத்தை மருத்துவமனைப் பெயரோடு வெளியிடுகிறார்கள். புதுச்சேரிக்கு 2010-ம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். பதிவும் குறைந்தபட்சத் தரமும் அதில் உண்டு. ஆனால் எந்த மருத்துவமனையில் எத்தனை பேருக்குத் தொற்று என்று நீங்களும் நானும் பார்க்க ஒரு பட்டியல் கிடையாது. புள்ளிவிவரம் வெளியே வந்தால் பேர் கெட்டுவிடும் என்ற பயம் புரிகிறது. என்னைக் கேட்டால், 'எங்களிடம் தொற்றே இல்லை' என்று சொல்லும் மருத்துவமனையைவிட, 'இத்தனை பேருக்கு வந்தது, இப்படிக் கண்டுபிடித்தோம்' என்று சொல்வதைத்தான் நம்புவேன்.

பட்டியல் வரும்வரை சும்மா இருக்கணும்னு இல்லை. தேதி குறிக்கும்போதே சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுங்க, கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் காயத்துக்கு முதல் எதிரி. புகை பிடிப்பவர் என்றால் ஒரு மாதம் முன்பே நிறுத்தணும். நெஞ்சு முடியை பிளேடால் மழிக்க வந்தால், 'கிளிப்பர் இல்லையா?'ன்னு தயங்காமல் கேளுங்க. பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கிருமிக்கு அதுவே வாசல். 'பார்த்துட்டுப் போயிடறோம்'னு ஐ.சி.யூ வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களை நீங்களே திருப்பி அனுப்பிடுங்க, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், சிவப்பு, கசிவு, வாய் பிளக்கும் தையல், இருமும்போது மார்பெலும்பு 'டக்'கென்று அசைவது, இதில் எது தெரிந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டருக்கே முதல் போன். மஞ்சள், எண்ணெய் எதுவும் காயத்தில் வேண்டாம்.

லண்டன் ராயல் பிராம்ப்டன், ஹேர்ஃபீல்ட் மருத்துவமனைகளில் ஒரு எளிய வழக்கம் வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று காயத்தைப் போட்டோ எடுத்து, நோயாளி கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, எந்த டாக்டரிடம் போனாலும் காட்ட அது உதவும். இதுக்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். கிளம்பும் முன் கட்டு மாற்றும் நர்ஸிடம் ஒரு நிமிஷம் கேட்டு, உங்க போனிலேயே எடுத்துக்குங்க. அப்படியே எந்த நம்பருக்கு அனுப்பணும்னும் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியின் மேலேயே எழுதி வாங்கிக்குங்க.