கற்பனைகளைக் கைக்கொள்கிறோமா, கற்பனை செய்கிறோமா?

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘கற்பனை’ என்றால் கட்டளை. இன்றைய பேச்சில் கற்பனை என்றால் இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்வது. நம் சபைகளில் அன்பு என்ற கற்பனை எந்த அர்த்தத்தில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் ராஜபாளையத்தில் ஓர் உபவாசக் கூட்டம். போதகர் ஒரு மணி நேரம் அன்பைப் பற்றிப் பேசினார். பலர் கண்ணீர் விட்டார்கள். முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன்: “ஐயா, கிறிஸ்தவங்க செத்தாலும் சாதிக்கொரு கல்லறையா இருக்கே. அதைப் பத்தி ஒரு ஞாயிறு பிரசங்கம் பண்ணுவீங்களா?” அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அது உலகக் காரியம் தம்பி. ஆவிக்குரிய இடத்துல அரசியல் வேண்டாம்.” பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரம் முன்பு அழுதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இயேசு அன்பைக் கட்டளையாகக் கொடுத்தார். ‘நீ உருகு’ என்று யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. ‘நீ செய்’ என்றுதான் கட்டளையிட முடியும். ஆகவே அன்பு என்பது செய்ய வேண்டிய ஒன்று. செய்தாயா, இல்லையா என்று கணக்குக் கேட்கக்கூடிய ஒன்று. கண்ணீர் அந்தக் கணக்கில் வராது.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போனான். லேவியனும் போனான். காயம் கட்டியவன் சமாரியன். யூதர்கள் தீண்டத் தயங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவன். ‘ஒதுக்கப்பட்டவர்கள் மேல் இரக்கப்படு’ என்பதோடு இயேசு நிறுத்தவில்லை. ஒதுக்கப்பட்டவனையே குருவாக்கி, அவனைப் பார்த்து நீயும் செய் என்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறி தறியாக பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். யார் யாருடைய காயத்துக்கோ கட்டுப்போட இந்தப் பக்கத்திலிருந்து துணி போகிறது. நம் சபைக்குள் இருக்கும் காயத்துக்குக் கட்டுப்போட ஆள் இல்லை.

இது இன்றைய காயமும் அல்ல. 1833இல் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை உடனே, முழுவதுமாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்து நின்றார்கள். வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்த தடுப்பை எடுத்தபோது, ‘மேல்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்டதைத் தரவில்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சமமரியாதையும் தனிப் பங்கும் கேட்டார்கள். மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலைதான். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தலித்துகள் மீது பாகுபாடு இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டப வாசலில் நிறுத்தப்பட்ட காட்சி ஊரெல்லாம் பரவியது. அர்ச்சகர்களும் சில கோயில் பணியாளர்களும் தவிர மற்றவர்களுக்கு அங்கே அனுமதியில்லை, அதுதான் மரபு என்றது அறநிலையத்துறை. தன் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்றார் இளையராஜா. அந்த நாட்களில் நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் ‘எங்களிடம் இப்படி வாசல் இல்லை’ என்று பெருமையாகப் பதிவு போட்டார்கள். ஆண்டாள் கோயில் மரபைக் கேள்வி கேட்பது நியாயம். நானும் கேட்கிறேன். ஆனால் நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரும் மரபு என்ற பெயரில்தானே நிற்கிறது? அந்த மரபுக்கு மட்டும் ஏன் அல்லேலூயா?

இன்னொரு இரட்டை வேடமும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்தக் கோரிக்கை நியாயமானது, விடக்கூடாது. ஆனால் நம் தலைவர்கள் டெல்லிக்குப் போய் ‘எங்களுக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது’ என்று மனுக் கொடுக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி ‘கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை’ என்று பிரசங்கம் செய்கிறார்கள். மனு உண்மை என்றால், மனந்திரும்புதல் எங்கே? பிரசங்கம் உண்மை என்றால், மனு எதற்கு?

‘மெதுவாக மாறும், அவசரப்படாதீர்கள்’ என்பார்கள். வில்சன் சுற்றறிக்கைக்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகப்போகிறது. இதைவிட மெதுவாக எப்படிப் போவது?

ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரச் சபைகளுக்கு நேராகவே சொல்கிறேன். சாதிக்கொரு கல்லறை இருக்கும் இடத்தில் சுவரை இடியுங்கள். அடுத்த அடக்கத்தை வரிசைப்படி செய்யுங்கள். திருமணத் தகவல் பகுதியில் சாதிப் பெயரோடு வரும் வரனை வாங்காதீர்கள். சாதி கடந்து காதலித்த பிள்ளைகள் ஓடி வந்தால், பீடத்துக்கு முன்னால் நிறுத்தி மணமுடித்து வையுங்கள். அவர்களைத் தேடி அரிவாளோடு ஆள் வந்தால் வாசலில் நீங்கள் நில்லுங்கள். ஆகஸ்ட் 10 கறுப்பு நாளில் தலித் கிறிஸ்தவர்களை மட்டும் தெருவில் விடாமல், மற்ற சாதிக் கிறிஸ்தவர்களும் கறுப்புப் பட்டை கட்டி வாருங்கள்.

இதில் எதற்கும் புது வெளிப்பாடு தேவையில்லை. கண்ணில் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிப்பதாகச் சொன்னால் அவன் பொய்யன் என்று யோவான் எழுதி வைத்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த முறை ‘அரசியல் வேண்டாம் தம்பி’ என்று யாராவது சொன்னால், விலகிப் போன அந்த ஆசாரியனும் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜெய்பீம்.